முதியவர் ரத்தத்தில் புற்றுநோயைத் தேடுவது: சி.பி.சி. முதல் மஜ்ஜை வரை, வரிசை மாறாமல்

எழுபது வயதுக்காரருக்கு ஹீமோகுளோபின் 9.2. "வயசாச்சுல்ல, ரத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்" என்று யாரோ சொல்ல, இரும்புச்சத்து மாத்திரையோடு அவர் வீட்டுக்குப் போகிறார். ரத்தப் புற்றுநோய் தாமதமாகப் பிடிபட்ட முதியவர்களின் பழைய காகிதங்களைப் புரட்டும்போது நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

இருபது ஆண்டுகளாகச் சிலைடு பார்க்கிறேன். புதிதாக வரும் டெக்னீஷியன்களும் ஹவுஸ் சர்ஜன்களும் பாடத்தில் தடுமாறுவதில்லை. எந்த நோய்க்கு எந்தச் செல் என்று நன்றாகவே சொல்வார்கள். தடுமாறுவது வரிசையில்தான். முதலில் எடுத்திருக்க வேண்டிய மாதிரியை மருந்து கொடுத்த பிறகு எடுப்பார்கள். சிலைடைப் பார்க்காமலே விலை உயர்ந்த மரபணுச் சோதனைக்கு அனுப்புவார்கள். அவர்களுக்காகவே இந்த வழிகாட்டி. சிகிச்சை முறைகளை இதில் சொல்லவில்லை. நோயை உறுதிசெய்யும் வரையிலான வேலை மட்டும்.

1. ஊசி எடுக்கும் முன்

பழைய ரிப்போர்ட்டுகளைக் கேளுங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிற முதியவர் எப்போதாவது ரத்தம் கொடுத்திருப்பார். அந்தக் காகிதம் வீட்டில் ஒரு துணிப்பையில் இருக்கும். இன்று பிளேட்லெட் 1,10,000 என்றால், மூன்று வருடமாக அப்படியே இருக்கிறதா, ஆறு மாதத்துக்கு முன் 2,60,000 இருந்ததா என்பது பெரிய வித்தியாசம். ஒற்றை எண்ணைவிட அது நகர்ந்த திசை அதிகம் சொல்லும்.

அடுத்து மருந்துப் பட்டியல். மெத்தோட்ரெக்சேட், அசாதயோபிரின், மைகோஃபினோலேட், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் ஆகியவை மஜ்ஜைப் புற்றுநோய் போன்ற தோற்றத்தை உண்டாக்கக்கூடியவை. "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களாய்யா?" என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்றே பதில் வரும். "மூட்டுவலிக்கு லேகியம், பஸ்பம், செந்தூரம் ஏதாச்சும்?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஈயம் கலந்த தயாரிப்பு என்றால் சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு சிலைடைப் பார்ப்பது வேறு, தெரியாமல் பார்ப்பது வேறு. சத்து மாத்திரை என்று துத்தநாகத்தை மாதக்கணக்கில் விழுங்குபவர்களும் உண்டு. அதனால் செம்புச் சத்து குறைந்து, மஜ்ஜை அச்சு அசல் எம்.டி.எஸ். (மஜ்ஜை கோளாறான அணுக்களை உருவாக்கும் ரத்தப் புற்று வகை) போலவே காட்சி தரும்.

மூன்றாவது விஷயத்தை எங்கள் கூடத்தில் சுவரில் எழுதியே வைத்திருக்கிறோம்: ரத்தம் ஏற்றும் முன், பி12 ஊசி போடும் முன், ஸ்டீராய்டு தொடங்கும் முன் மாதிரி எடுத்துவிடு. கழுத்தில் நெறிகட்டியோடு வந்த 72 வயது அம்மா ஒருவருக்கு வேறோர் இடத்தில் பத்து நாள் ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். கட்டி சுருங்கிவிட்டது. நாங்கள் எடுத்த பயாப்சியில் பெரும்பகுதி செத்த திசு. ஆறு வாரம் கழித்துக் கட்டி மீண்டும் வளர்ந்தபோதுதான் லிம்ஃபோமா, அதாவது நெறிகணுப் புற்று என்று சொல்ல முடிந்தது. அந்த ஆறு வாரத்தை அவரால் திரும்பப் பெற முடியாது.

டியூப்புகள்: சி.பி.சி.க்கும் (முழு ரத்த அணு எண்ணிக்கை) சிலைடுக்கும் ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. இரண்டு, சீரத்துக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் மூடி, ரத்தம் உறையும் சோதனைகளுக்கு நீல மூடி சிட்ரேட். பச்சை மூடி ஹெப்பாரின் பின்னால் தேவைப்படும். முதியவர்களின் நரம்பு மெலிந்து வழுக்கும். நான்கு முறை குத்துவதைவிட ஒரே முறை திட்டமிட்டு எடுப்பது அவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை.

2. எண்ணை நம்பும் முன் மாதிரியைப் பாருங்கள்

பிளேட்லெட் 40,000 என்று அனலைசர் சொல்கிறது. நோயாளியின் உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. முதலில் டியூப்பில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று குச்சியால் கிளறிப் பாருங்கள். பிறகு சிலைடின் ஓரத்தில் பிளேட்லெட்டுகள் கொத்தாகத் தெரிகின்றனவா என்று தேடுங்கள். சிலருக்கு ஈ.டி.டி.ஏ.வில் மட்டும் பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொள்ளும். சிட்ரேட் டியூப்பில் எடுத்து, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்கினால் உண்மை எண்ணிக்கை கிடைக்கும். இதைச் செய்யாமல் மஜ்ஜைச் சோதனை வரை அனுப்பப்பட்ட நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

டிரிப்ஸ் ஓடும் கையிலிருந்து எடுத்த ரத்தம் எல்லா அணுக்களையும் ஒரே அளவில் குறைத்துக் காட்டும். சிவப்பணு, வெள்ளணு, பிளேட்லெட் என்ற மூன்று வரிசையும் ஒரே நாளில் சரிந்திருந்தால், "எந்தக் கையில எடுத்தீங்க?" என்று வார்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

வெள்ளணு லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. டியூப்புக்குள்ளேயே செல்கள் உடைந்து பொட்டாசியம் 7 என்று வரும். நோயாளிக்கு உண்மையில் இயல்பாக இருக்கும். ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு, மாதிரியைக் குலுக்காமல் கையோடு எடுத்துவந்து உடனே மீண்டும் ஓட்டுங்கள்.

3. சி.பி.சி.யை வாசிக்கும் முறை

ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பாதீர்கள். எத்தனை வரிசை பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதே முதல் கேள்வி. ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. இந்த அளவுகோல் எண்பது வயதுக்கும் இதுதான். வயதானவர் என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது. கூடவே பிளேட்லெட் 1,50,000க்குக் கீழோ, நியூட்ரோஃபில் 1,800க்குக் கீழோ இருந்தால் சிலைடு கட்டாயம்.

பிறகு எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு. 100க்கு மேல் என்றால் பி12, ஃபோலேட், தைராய்டு, கல்லீரல், மது, எம்.டி.எஸ். என்று பட்டியல் நீளும். 80க்குக் கீழ் என்றால் இரும்புக் குறைவு முன்னால் வரும். இயல்பாக இருந்தால் ஒன்றும் இல்லை என்று பொருளில்லை. மைலோமா (மஜ்ஜையின் பிளாஸ்மா செல் புற்று) ரத்தசோகையில் எம்.சி.வி. பெரும்பாலும் இயல்பாகத்தான் இருக்கும். ஒருவருக்கு இரும்பும் பி12-உம் சேர்ந்து குறைந்தால் ஒன்று மற்றொன்றை மறைத்து, எம்.சி.வி. நடுவில் வந்து நிற்கும், அப்போது ஆர்.டி.டபிள்யூ. (சிவப்பணுக்களின் அளவு வேறுபாடு) ஏறியிருக்கும்.

இரும்புக் குறைவு உறுதியானால் அதோடு நிறுத்தாதீர்கள். முதியவருக்கு இரும்பு குறைந்தால் குடலிலோ இரைப்பையிலோ ரத்தம் கசிகிறதா என்று எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி பார்க்கச் சொல்ல வேண்டும். அது வேறு புற்றுநோயின் வாசல்.

வெள்ளணு வகைகளைச் சதவீதத்தில் படிப்பது புதியவர்களின் நிரந்தரப் பிழை. "லிம்ஃபோசைட் 65 சதவீதம் சார், சி.எல்.எல்.லா?" என்று ஓடிவருவார்கள். சி.எல்.எல். என்பது லிம்ஃபோசைட்டுகள் பெருகும் நாள்பட்ட ரத்தப் புற்று. மொத்த வெள்ளணு 3,000 என்றால் லிம்ஃபோசைட் 1,950 மட்டுமே, அது இயல்பு. அங்கே பிரச்சினை நியூட்ரோஃபில் குறைந்ததில் இருக்கிறது. எப்போதும் சதவீதத்தை மொத்த எண்ணிக்கையால் பெருக்கி, கிடைத்த எண்ணைப் பாருங்கள்.

ரெட்டிகுலோசைட் (புதிதாகப் பிறந்த சிவப்பணு) எண்ணிக்கையை அதே டியூப்பில் செய்துவிடுங்கள். மஜ்ஜை உற்பத்தி செய்யவில்லையா, உற்பத்தியானது வெளியே அழிகிறதா என்பதை மலிவாகப் பிரித்துக் காட்டும் சோதனை இது. ஆனாலும் பலரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

4. சிலைடு

இந்தப் படியில் அவசரப்பட்டால் பின்னால் வரும் எந்தச் சோதனையும் காப்பாற்றாது. ரத்தம் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் சிலைடு இழுத்துவிடுங்கள். ஈ.டி.டி.ஏ.வில் நேரமாக ஆக நியூட்ரோஃபில் கரு சிதையும், மோனோசைட்டில் குழிகள் விழும். முந்தைய நாள் ரத்தத்தில் இழுத்த சிலைடைப் பார்த்து டிஸ்பிளேசியா (செல்லின் உருவக் கோளாறு) என்று எழுதியவர்கள் உண்டு. நான்கு சிலைடு இழுத்து இரண்டுக்கு மட்டும் லீஷ்மன் சாயமிடுங்கள். மற்ற இரண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

குறைந்த பெரிதாக்கத்தில் தொடங்குங்கள். பெரிய செல்கள் இழுப்பின் வேகத்தில் வால் பகுதிக்கும் ஓரங்களுக்கும் போய்ச் சேரும். பிளாஸ்ட்டுகளும் (மிக ஆரம்பநிலைச் செல்கள்) பிளேட்லெட் கொத்துகளும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நேராக ஆயில் லென்சைப் போட்டு நடுப்பகுதியைப் பார்ப்பவர் கண்ணில் அவை படாது. பிறகு சிவப்பணுக்கள் ஒன்றையொன்று லேசாகத் தொடும் இடத்துக்கு வந்து 100-எக்ஸில் பாருங்கள். வெள்ளணுக்கள் 200 எண்ணுங்கள். வெள்ளணு மிகக் குறைவாக இருந்தால் பஃபி கோட்டிலிருந்து (ரத்தத்தைச் சுழற்றினால் பிரியும் வெள்ளணு அடுக்கு) தனியே ஒரு சிலைடு செய்யுங்கள்.

நான் சிவப்பணுவில்தான் தொடங்குவேன், புதியவர்களையும் அப்படியே பழக்குகிறேன். வெள்ளணு கண்ணை இழுக்கும். அதிலேயே தங்கிவிட்டால் மற்றதெல்லாம் நழுவிவிடும்.

சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் சரமாக நின்றால் அது ரூலோ. ரத்தத்தில் புரதம் ஏறியிருக்கிறது, மைலோமாவை நினையுங்கள். ஆனால் சிலைடின் தடித்த பகுதியில் எல்லோருக்கும் ரூலோ தெரியும் என்பதால் மெல்லிய பகுதியில் பார்த்த பிறகே எழுதுங்கள். கண்ணீர்த்துளி வடிவச் செல்கள், கருவுள்ள சிவப்பணுக்கள், முதிராத வெள்ளணுக்கள் மூன்றும் ஒன்றாகத் தெரிந்தால் மஜ்ஜைக்குள் ஏதோ இடத்தைப் பிடித்திருக்கிறது. அது மைலோஃபைப்ரோசிஸ் (மஜ்ஜை நாராக இறுகும் நோய்) ஆகலாம், புராஸ்டேட் அல்லது மார்பகப் புற்று பரவியதாகலாம், சில சமயம் காசநோயும்தான்.

நியூட்ரோஃபிலின் கரு இரண்டே இதழோடு மூக்குக்கண்ணாடி போல் நின்று, சைட்டோபிளாசத்தில் துகள்கள் இல்லாமல் வெளுத்திருந்தால் எம்.டி.எஸ். சந்தேகம். நேர்மாறாக ஆறு இதழ் கொண்ட நியூட்ரோஃபில் ஒன்று கண்ணில் பட்டாலும் பி12 பக்கம் திரும்புங்கள். சிறு லிம்ஃபோசைட்டுகள் ஏராளமாகவும், நடுவே நசுங்கிய ஸ்மட்ஜ் செல்களும் இருந்தால் சி.எல்.எல். நினைவுக்கு வர வேண்டும். ஸ்மட்ஜ் செல்களை விட்டுவிட்டு எண்ணினால் லிம்ஃபோசைட் குறைவாக வரும். ரத்தத்தோடு ஒரு துளி ஆல்புமின் கலந்து சிலைடு இழுத்தால் அவை நசுங்காது.

இனம் புரியாத செல்லைக் கண்டால் பெயர் சூட்ட அவசரப்படாதீர்கள். அளவு, கருவின் குரோமாட்டின் மெல்லியதா கட்டியா, நியூக்ளியோலஸ் உண்டா, துகள் உண்டா என்று விவரித்து எழுதுங்கள். "ஏட்டிபிக்கல் லிம்ஃபோசைட்" என்று தப்பாக ஒட்டிய பெயர் பிளாஸ்ட்டை வாரக்கணக்கில் மறைத்துவிடும்.

5. அன்றைக்கே போன் செய்ய வேண்டியவை

ரிப்போர்ட் அச்சாகும் வரை காத்திருக்கக் கூடாத நிலைகள் இவை. எழுதியதை யாராவது படிப்பார்கள் என்று நம்ப முடியாது. டூட்டி டாக்டரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், பேசிய நேரத்தைக் குறித்து வையுங்கள்.

அடர்ந்த துகள்கள் கொண்ட புரோமைலோசைட்டுகள், ஒரே செல்லில் கற்றையாக ஆவர் கம்பிகள்: ஏ.பி.எல். வகை ரத்தப் புற்றுநோய். இதில் வெள்ளணு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். "வெள்ளணு கம்மி, அதனால் லுக்கீமியா இல்லை" என்று நினைப்பது ஆபத்து. மூளையில் ரத்தக்கசிவு எந்த மணியிலும் நேரலாம். பி.டி., ஏ.பி.டி.டி., ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் சோதனைகளை உடனே அனுப்ப வேண்டும். ஏ.டி.ஆர்.ஏ. மருந்தைச் சந்தேகத்தின் பேரிலேயே தொடங்குவார்கள், மரபணு முடிவுக்குக் காத்திருப்பதில்லை. முதியவர்களுக்கு இது அரிது. ஆனாலும் வரும்.

பிளாஸ்ட்டுகளோடு வெள்ளணு லட்சத்தைத் தாண்டினால் நுரையீரலிலும் மூளையிலும் ரத்த ஓட்டம் தேங்கும். ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறதே என்று ரத்தம் ஏற்றினால் ரத்தம் இன்னும் தடிக்கும். யூரிக் அமிலம், பொட்டாசியம், பாஸ்பேட், கால்சியம், கிரியாட்டினின் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

கால்சியம் ஏறிக் குழப்பமாகப் பேசும் முதியவரும், மூக்கில் ரத்தமும் கண் மங்கலுமாக வரும் ஐ.ஜி.எம். புரதம் ஏறிய முதியவரும் இதே பட்டியலில் வருவார்கள். முதலில் சொன்னவரை "வயசானா இப்படித்தான் பேசுவாங்க" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஆல்புமின் குறைந்திருந்தால் கால்சியத்தைத் திருத்திக் கணக்கிட வேண்டும்: 4இலிருந்து ஆல்புமினைக் கழித்து, 0.8ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்டுங்கள். ஆல்புமின் 2.5, கால்சியம் 10.2 என்றால் திருத்திய அளவு 11.4. அச்சடித்த தாளில் இயல்பாகத் தெரிந்தது இயல்பே இல்லை.

6. புற்றுநோய் போல வேடம் போடுபவை

அவசர நிலை இல்லையென்றால், மஜ்ஜைக்குப் போகும் முன் இவற்றை விலக்குங்கள். மலிவானவை, பலவற்றுக்கு மருந்தும் உண்டு.

பி12 குறைவு முதல் இடத்தில். மூன்று வரிசையும் சரியும், எல்.டி.எச். (செல்கள் சிதைவதைக் காட்டும் நொதி) ஆயிரக்கணக்கில் ஏறும், மஜ்ஜையைப் பார்த்தால் பழக்கமில்லாதவர் லுக்கீமியா என்றே நினைப்பார். எம்.சி.வி. 120ஐத் தாண்டினால் நான் பி12 முடிவு வரும் வரை வேறெதுவும் எழுதுவதில்லை. நீண்ட நாள் மெட்ஃபார்மினும் அசிடிட்டி மாத்திரையும் சாப்பிடும் முதியவர்களுக்கு இது சர்வசாதாரணம்.

ஃபோலேட், டி.எஸ்.எச்., கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள், ஃபெரிட்டின், எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி ஆகியவை அடுத்தவை. எச்.ஐ.வி. சோதனையை "இந்த வயசுல எப்படிக் கேட்கிறது" என்று தவிர்க்காதீர்கள். உரிய விளக்கத்தோடு சம்மதம் கேட்டால் தருவார்கள்.

லேசான குறைவு, சிலைடு சுத்தம், நோயாளி தெம்பாக இருக்கிறார் என்றால் காரணத்தைச் சரிசெய்துவிட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் சி.பி.சி. பார்ப்பது நியாயமான முடிவு. அந்தத் தேதியை எழுதிக் கொடுங்கள்.

7. பாதை பிரியும் இடம்

அ. லிம்ஃபோசைட் கூடியிருந்தால்

மஜ்ஜை தேவையில்லை, ரத்தத்திலேயே ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்லின் மேலுள்ள சி.டி. அடையாளங்களைப் பார்க்கும் சோதனை) போதும். குளோனல் (ஒரே செல்லின் வழிவந்த) பி செல்கள் மைக்ரோலிட்டருக்கு 5,000க்கு மேல் மூன்று மாதம் நீடித்தால் சி.எல்.எல். கணக்கு பி செல்லுக்கு, மொத்த லிம்ஃபோசைட்டுக்கு இல்லை. 5,000க்குக் குறைவாக இருந்து, நெறிகட்டியும் மண்ணீரல் வீக்கமும் ரத்தக் குறைவும் இல்லையென்றால் அதன் பெயர் எம்.பி.எல். (MBL, மோனோகுளோனல் பி செல் லிம்ஃபோசைட்டோசிஸ்); அதற்குப் புற்றுநோய் முத்திரை குத்தாதீர்கள்.

சி.டி.5, சி.டி.19, சி.டி.23 மூன்றும் இருந்து சி.டி.20 மங்கலாக இருப்பது சி.எல்.எல். முகம். சி.டி.5 இருந்து சி.டி.23 இல்லையென்றால் மேன்ட்டில் செல் லிம்ஃபோமாவா என்று சைக்ளின் டி1 பார்க்க வேண்டும். இரண்டின் போக்கும் வெவ்வேறு. ஹீமோகுளோபின் திடீரென்று சரிந்தால் கூம்ப்ஸ் சோதனை (சிவப்பணுவில் ஒட்டிய எதிர்ப்புப் புரதத்தைத் தேடுவது) செய்யுங்கள், சி.எல்.எல்.லில் உடம்பே தன் சிவப்பணுக்களை அழிப்பதுண்டு.

நெறிகட்டி முன்னால் நின்றால் ஊசி உறிஞ்சலோடு நிறுத்தாமல் கணுவை முழுதாக எடுக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் காசநோய் எப்போதும் பக்கத்தில் நிற்கிறது. மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் டி.பி. கல்ச்சரும் போயிற்று, ஃப்ளோவும் போயிற்று. ஒரு துண்டைச் சலைனில் வாங்குங்கள்.

ஆ. முதுகுவலி, ரத்தசோகை, கிரியாட்டினின்

இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் மைலோமாவை விலக்கும் வரை ஓயாதீர்கள். ஆறு மாதம் தைலமும் வலி மாத்திரையுமாகக் கழித்துவிட்டு, முதுகெலும்பு நொறுங்கிப் படுத்த படுக்கையாக வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. வலி மாத்திரையே பாதிச் சிறுநீரகத்தைத் தின்றிருக்கும்.

மொத்தப் புரதம், ஆல்புமின் இரண்டையும் பாருங்கள். புரதம் 10, ஆல்புமின் 3 என்றால் மீதி 7 குளோபுலின். அடுத்து சீரம் எலெக்ட்ரோஃபோரிசிஸ், அதாவது புரதங்களைப் பிரித்து வரைபடமாகக் காட்டும் சோதனை: கோபுரம் போல் ஒற்றை முனை எழுந்தால் குளோனல், பரந்த மேடாக இருந்தால் கல்லீரல் நோய், காசநோய் போன்ற நாள்பட்ட அழற்சி. முனை தெரிந்தால், அது எந்த வகைப் புரதம் என்று பார்க்க இம்யூனோஃபிக்சேஷன்.

இங்கே இரண்டு பள்ளங்கள். சிலருக்கு மைலோமா செல்கள் லைட் செயின் என்ற சிறு புரதத் துண்டை மட்டுமே சுரக்கும். எலெக்ட்ரோஃபோரிசிஸில் முனையே தெரியாது. சீரம் ஃப்ரீ லைட் செயின் சோதனையையும் சேர்த்தே கேட்க வேண்டும். கப்பா-லாம்டா விகிதத்தின் இயல்பு 0.26 முதல் 1.65; சிறுநீரகம் பழுதானவருக்கு 3.1 வரை ஏறலாம். இரண்டாவது, சிறுநீர்க் குச்சி ஆல்புமினைத்தான் பிடிக்கும், லைட் செயினைப் பிடிக்காது. "யூரின் புரோட்டீன் நில்" என்ற வரியை நம்பி ஏமாறாதீர்கள்.

மஜ்ஜையில் குளோனல் பிளாஸ்மா செல் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, உறுப்புச் சேதமும் இருந்தால் மைலோமா: கால்சியம் 11க்கு மேல், கிரியாட்டினின் 2க்கு மேல், ஹீமோகுளோபின் 10க்குக் கீழ், எலும்பில் ஓட்டை. இவற்றில் ஒன்று போதும். சேதம் இல்லாவிட்டாலும் பிளாஸ்மா செல் 60 சதவீதம், லைட் செயின் விகிதம் 100, எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுக்கு மேற்பட்ட புண் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் மைலோமாவாகவே கொள்வது 2014 முதல் உள்ள சர்வதேச வரையறை. எலும்புக்கு ஐசோடோப் போன் ஸ்கேன் கேட்காதீர்கள், அது இந்தப் புண்களைத் தவறவிடும். குறைந்த அளவு சி.டி. அல்லது பெட் சி.டி. வேண்டும்.

சிறிய முனை, 3 கிராமுக்குக் குறைவு, பிளாஸ்மா செல் 10 சதவீதத்துக்குக் குறைவு, சேதம் ஏதுமில்லை: இது எம்.ஜி.யு.எஸ்., புற்றுநோயாகாத முன்நிலை. முதியவர்களிடம் நிறையவே தென்படும். வருடத்துக்குச் சுமார் நூற்றில் ஒருவருக்கு மட்டுமே மைலோமா போன்ற நோயாக மாறும். கண்காணித்தால் போதும்.

இ. அணுக்கள் பெருகியிருந்தால்

நியூட்ரோஃபிலின் எல்லாப் பருவங்களும், கூடவே பேசோஃபிலும் பெருகியிருந்தால் சி.எம்.எல். (நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்று); பி.சி.ஆர்.-ஏ.பி.எல். (BCR-ABL) மரபணுச் சோதனையை ரத்தத்திலேயே செய்யலாம். பிளேட்லெட் 4,50,000க்கு மேல் என்றால் முதலில் ஃபெரிட்டினும் சி.ஆர்.பி.யும், இரும்புக் குறைவும் தொற்றும் பிளேட்லெட்டை ஏற்றும். அவை இல்லையென்றால் ஜேக்2, கேல்ஆர், எம்.பி.எல். (MPL, மேலே சொன்ன MBL அல்ல) மரபணுக்கள். ஹீமோகுளோபின் ஆணுக்கு 16.5, பெண்ணுக்கு 16க்கு மேல் என்றால் ஜேக்2-ஓடு எரித்ரோபாய்ட்டின் அளவும். மோனோசைட் மாதக்கணக்கில் ஏறியே இருந்தால் சி.எம்.எம்.எல். (மோனோசைட் பெருகும் நாள்பட்ட ரத்தப் புற்று) நினைவில் இருக்கட்டும்.

ஈ. அணுக்கள் குறைந்திருந்தால், அல்லது பிளாஸ்ட் தெரிந்தால்

ஆறாம் படியில் சொன்னவை எல்லாம் விலகிவிட்டால், மஜ்ஜைதான்.

8. மஜ்ஜை எடுப்பது

"அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு டாக்டர், இந்த வயசுல இடுப்புல குத்தணுமா?" என்று மகன் கேட்பார். நியாயமான கேள்வி. "என்ன நோய்னு தெரிஞ்சா மாத்திரையிலயே கட்டுப்படுத்துறதா, ஊசியா, ரத்தம் மட்டும் ஏத்தினாப் போதுமான்னு சொல்ல முடியும் தம்பி" என்பேன். சி.எம்.எல்., சி.எல்.எல். போன்றவற்றுக்கு மாத்திரை உண்டு. மைலோமாவுக்கும், வயதானவரின் ஏ.எம்.எல்.லுக்கும்கூட (வேகமாக வளரும் மைலாய்டு ரத்தப் புற்று) வீரியமான கீமோ அல்லாத வழிகள் இப்போது உண்டு. விடை தெரிந்தாலும் சிகிச்சை வேண்டாம் என்று முதியவரே தெளிவாகச் சொன்னால் குத்தாமல் விடுவதும் சரியான முடிவுதான். ஆனால் அந்தக் கேள்வியை மகனிடம் மட்டும் கேட்காமல் அவரிடமும் கேளுங்கள்.

பிளேட்லெட் குறைவு தடையில்லை. அழுத்திப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். ரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்டா என்று பாருங்கள். இடம் இடுப்பெலும்பின் பின்பக்க முகடு. மார்பெலும்பில், அதுவும் மைலோமா சந்தேகத்தில், குத்தாதீர்கள். எலும்பு அரித்திருக்கும், ஊசி ஊடுருவிவிடும்.

முதல் உறிஞ்சலில் அரை மில்லி போதும், அது சிலைடுக்கு. ஆசைப்பட்டு ஐந்து மில்லி இழுத்தால் ரத்தம் கலந்து பிளாஸ்ட் சதவீதம் இறங்கிவிடும். இரண்டாவது உறிஞ்சல் ஃப்ளோவுக்கும் மரபணுவுக்கும். அதன் பிறகு சற்றுத் தள்ளி எலும்புத் துண்டு, ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். ஒன்றும் வரவில்லையென்றால் "டிரை டேப்" என்று எழுதிவிட்டு எழாதீர்கள். ஃபைப்ரோசிஸிலும் ஹேரி செல் லுக்கீமியாவிலும் அப்படித்தான். எலும்புத் துண்டைச் சிலைடில் மெல்ல உருட்டி ஒற்றுங்கள், இன்னொரு துண்டு எடுத்துச் சலைனில் ஃப்ளோவுக்கு அனுப்புங்கள்.

ஃபார்மலின் பாட்டிலைச் சிலைடுக்குப் பக்கத்தில் திறக்காதீர்கள். அதன் ஆவி பட்டாலே சாயம் பச்சையடித்துப் போகும். ஒரே டப்பாவில் இரண்டையும் வைத்து அனுப்பிய மாதிரிகள் இன்றும் வருகின்றன.

கூடத்தில் 500 செல் எண்ணுங்கள், இரும்புக்குப் பெர்ல்ஸ் சாயம் கட்டாயம் போடுங்கள். பிளாஸ்ட் 20 சதவீதத்தைத் தொட்டால் ஏ.எம்.எல்.; சில குறிப்பிட்ட மரபணு மாற்றங்கள் இருந்தால் அதற்குக் குறைவாக இருந்தாலும் ஏ.எம்.எல். 20க்குக் கீழ், ஏதாவதொரு வரிசையில் குறைந்தது 10 சதவீதச் செல்களில் டிஸ்பிளேசியா என்றால் எம்.டி.எஸ். பக்கம். இந்தச் சதவீதத்தைச் சிலைடில்தான் எண்ண வேண்டும். ஃப்ளோ ரிப்போர்ட்டில் வரும் சதவீதத்தை அப்படியே எடுத்து எழுதுவது பெரிய தவறு. அங்கே ரத்தம் கலந்த இரண்டாவது உறிஞ்சல்தான் போயிருக்கும்.

9. எந்த மாதிரி, எந்த டியூப்பில், எங்கே

கேரியோடைப்புக்கு (குரோமோசோம் சோதனை) உயிருள்ள செல் வேண்டும், ஆகவே ஹெப்பாரின். பி.சி.ஆருக்கு (PCR, மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) ஈ.டி.டி.ஏ., ஏனென்றால் ஹெப்பாரின் அந்த வினையைத் தடுத்துவிடும். ஃப்ளோவுக்கு இரண்டும் ஒத்துக்கொள்ளும். எதையும் உறைய வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை கூரியரில் ஏற்றினால் திங்கட்கிழமை செத்த செல்தான் போய்ச் சேரும். வாரத் தொடக்கத்தில் எடுங்கள். வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களுக்கு நோயாளியையே அனுப்புவதாக இருந்தால், மஜ்ஜையை இங்கே ஒரு முறை, அங்கே ஒரு முறை குத்த வைக்காமல் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

மரபணுப் பட்டியலை மொத்தமாகக் கேட்பது இப்போது வழக்கமாகிவருகிறது. முதியவரிடம் அதில் ஒரு சிக்கல். எழுபதைத் தாண்டியவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு டி.என்.எம்.டி.3ஏ, டெட்2, ஏ.எஸ்.எக்ஸ்.எல்.1 போன்ற மாற்றங்கள் எந்த நோயும் இல்லாமலே ரத்தத்தில் இருக்கும். சிலைடும் சி.பி.சி.யும் இயல்பாக உள்ளவரிடம் இவற்றைக் கண்டுபிடித்துப் புற்றுநோய் என்று சொல்வது அநியாயம். சிலைடு கேட்கும் கேள்விக்குப் பதிலாகவே மரபணுச் சோதனையைக் கேளுங்கள்.

10. ரிப்போர்ட் எழுதும்போது

சி.பி.சி., சிலைடு, மஜ்ஜை, ஃப்ளோ, மரபணு எல்லாம் வெவ்வேறு நாளில் வெவ்வேறு தாளில் வரும். ஐந்து தாளும் ஐந்து விதமாகப் பேசினால் ஒருங்கிணைத்த ஒரு முடிவை எழுத வேண்டியது நம் வேலை. ஒத்துப்போகாத முடிவு இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டியூப்பில் ஒட்டிய பெயரை.

"சஜஸ்டிவ் ஆஃப்", "கம்பாட்டிபிள் வித்" என்று எழுதும்போது, உறுதிசெய்ய அடுத்து என்ன சோதனை வேண்டும் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தாள் ஒரு கோப்புக்குள் போய் உறங்கிவிடும்.

நோயாளி பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது சாயமிட்ட ஒரு சிலைடு, சாயமிடாத இரண்டு, மஜ்ஜையின் பாரஃபின் பிளாக், ரத்தம் ஏற்றிய தேதிகள், பழைய சி.பி.சி. தாள்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, உறையின் மேல் என்னென்ன இருக்கிறது என்று தமிழில் எழுதி, கூட வருபவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.